ஆயில் இன்ஜின்: கிணற்று மேட்டிலிருந்து பாக் நீரிணை வரை

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூசத்துக்குச் சுற்றும் தெப்பத்துக்கு இன்ஜின் கிடையாது. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். வடம் பிடித்து ஆட்கள்தான் இழுப்பார்கள். மதுரையைச் சுற்றிய கிராமங்களில் டீசல் இன்ஜின் ஓடியது கிணற்று மேட்டில். அதனால் நம்ம பக்கத்து ஆட்களுக்கு டீசல் இன்ஜின் என்றால் படகு ஞாபகத்துக்கு வராது, பம்ப்செட்தான் வரும். ஆனால் சுமார் 170 கி.மீ. தள்ளி ராமேஸ்வரத்தில் படகுக்குள் ஓடுவதும் அதே குடும்பம்தான். நின்றுபோனால் கோளாறு பார்க்கும் முறையும் ஒன்றேதான். அந்த முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ருடால்ஃப் டீசலின் இன்ஜின் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சரியாக ஓடிக் காட்டியது 1897-இல். அந்தக் காலத்து எண்ணெய் இன்ஜின்களில் பலவற்றை, தலைப்பகுதியை ப்ளோ லாம்ப் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் கிளப்ப முடியும். 1930 வாக்கில் இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரிலிருந்த லிஸ்டர் கம்பெனி 'சி.எஸ்.' என்ற இன்ஜினைக் கொண்டுவந்தது. சி.எஸ். என்றால் கோல்ட் ஸ்டார்ட். சூடாக்க வேண்டியதில்லை, ஹேண்டில் போட்டுச் சுத்தினால் போதும். ஒரே சிலிண்டர், கனமான ஃப்ளைவீல், நிமிஷத்துக்கு 600 சுற்று, 5 குதிரைத்திறன். இதன் நகல்களை ராஜ்கோட் பட்டறைகள் பல்லாண்டுகள் வார்த்துத் தள்ளின. 1946-இல் புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் தொடங்கியது. 'ஆயில் இன்ஜின்' என்ற பெயர் அப்படித்தான் நம் ஊர்ப்பேச்சில் நிலைத்தது.

பம்ப் தண்ணீரை உறிஞ்சும் உயரத்துக்கு ஓர் எல்லை உண்டு. கணக்குப்படி சுமார் 10 மீட்டர், நடைமுறையில் ஆறேழு மீட்டர். தண்ணீர் இறங்க இறங்க, இன்ஜினையும் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்கினார்கள். புகை வெளியேற வழியில்லாத அந்தக் குழிக்குள் நின்றுதான் கோளாறு பார்க்க வேண்டும். அதிக நேரம் நின்றால் ஆபத்து. சீக்கிரம் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

இங்கேதான் டீசலின் நல்ல குணம் கைகொடுத்தது. அதில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அழுத்திச் சூடாக்கி அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே அந்தப் பழைய இன்ஜின் கிளம்பாவிட்டால் கேட்க வேண்டியது முக்கியமாக மூன்றே கேள்வி: டீசல் வருதா? காத்து வருதா? அமுக்கம் இருக்கா?

பதிலையும் இன்ஜினே சொல்லும். சுத்தும்போது புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை. பெரும்பாலும் பைப்பில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர், பம்ப், நாசில் என்று டேங்கிலிருந்து வரிசையாக நட்டைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை டீசலை வெளியே விட வேண்டும். 'ஏர் லாக்' எடுப்பது என்பது இதுதான். வெள்ளைப் புகை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை: நாசில் கெட்டிருக்கலாம், தண்ணீர் கலந்திருக்கலாம், அமுக்கம் குறைந்திருக்கலாம். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம். நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது; ரிங் தேய்ந்திருக்கும். அமுக்கத்தைப் பார்க்க மீட்டர் வேண்டாம். டீகம்ப்ரஷன் லிவரை விடுவித்துவிட்டு ஃப்ளைவீலைக் கையால் தள்ளினால், நல்ல இன்ஜின் எதிர்த்துத் திருப்பித் தள்ளும்.

இதே கேள்விகள் கடலுக்கும் போயின. 1953-இல் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் மீன்பிடிப் படகுகளில் இன்ஜின் பூட்டுவதைப் பெரிய அளவில் முயன்றது. பிறகு தமிழகக் கரையிலும் விசைப்படகுகள் பெருகின. எண்ணூரில் செய்த அசோக் லேலண்ட் லாரி இன்ஜினையே மாற்றியமைத்துப் படகில் வைத்தார்கள்.

கேள்வி அதேதான், ஆனால் கடல் அதற்குச் சில பதில்களைக் கூட்டியது. கறுப்புப் புகை வந்து வேகம் இறங்கினால் இன்ஜினைப் பிரிக்காதே, முதலில் காத்தாடியைப் பார், வலை சுற்றியிருக்கும். சூடேறினால் கடல்தண்ணீர் எடுக்கும் வாயைப் பார்; பிளாஸ்டிக் பை அடைத்திருக்கும். இன்னொன்று முக்கியம். டேங்கின் அடியில் தங்கிய கசடும் தண்ணீரும் கரையில் நிற்கும்போது சும்மா கிடக்கும். அலை உயர்ந்தால் கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைக்கும். அதனால்தான் பழைய இன்ஜின் நல்ல நாளெல்லாம் ஓடிவிட்டு, கடல் மோசமாகும் நேரமாகப் பார்த்து நிற்கிறது. துரதிர்ஷ்டம் என்கிறோம், கசடுதான் காரணம்.

வயலில் இந்த அறிவு எப்படிப் போயிற்று? 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், அடுத்த சில ஆண்டுகளில் எல்லா விவசாயிகளுக்கும் தமிழகத்தில் மின்சாரம் இலவசமானது. மோட்டார் வந்தது, பிறகு சப்மெர்சிபிள் வந்தது. விவசாயிக்கு அது நல்லதே. குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டியூர்க் கண்மாய் ஓரம் இன்று மேலமடை, அண்ணா நகர் என்று வீடுகள்தான். புகையைப் பார்த்து நோய் சொல்லும் ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் ராமேஸ்வரத்தில் வேலை இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான். 1974 ஒப்பந்தம் போட்ட எல்லைக்கோடு அதற்கும் நடுவில். இன்ஜின் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் எங்கே தள்ளும் என்று சொல்ல முடியாது. எல்லை தாண்டும் படகெல்லாம் பழுதால் தாண்டுவதில்லை, மீனுக்காகத் தாண்டுவதும் உண்டு. ஆனால் பழுதாகி ஒதுங்கியவரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் கைதுதான், படகும் பறிமுதல்தான். ஒரு ஏர் லாக்கை எடுக்கத் தெரிந்த கை படகில் இருப்பது அங்கே அவ்வளவு பெரிய விஷயம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் பழுது பார்க்கப்படுகின்றன. பெயின்ட் அடிப்பதும் பலகை மாற்றுவதும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். டேங்கின் அடியைக் கழுவுவது தெரியாத வேலை. பழைய இன்ஜினுக்கு அதுதான் முதல் வேலை.