பொறியும் தடையும்

நம் குடியிருப்பின் அன்பர் ஒருவர், 1950-களின் பிற்பகுதியைச் சேர்ந்த அமெரிக்கக் கார் ஒன்றைப் பேணி வருகின்றார். அதன் எஞ்சின் அறையில் வெண்பீங்கானாலான சிறு துண்டொன்று இருந்தது. அது வேண்டாதது என்றெண்ணி அகற்றிவிட்டு, இரு முனைகளையும் கம்பியால் இணைத்தார். வண்டி முன்னினும் எளிதாகக் கிளம்பியது. சில வாரங்களில் பாயிண்ட் கருகியது. காயில் கைவைக்க இயலாதவாறு கொதித்தது. அத்துண்டின் பெயர் பாலஸ்ட் ரெஸிஸ்டர். அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

தொடக்ககால வண்டிகளில் பொறி எழுப்பும் முறைகள் பலவாக இருந்தன. 1908-இல் வெளிவந்த போர்டு டி மாடலில், சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு அதிர்காயில்கள் மரப்பெட்டிகளுக்குள் ஓயாது ரீங்கரித்தன. ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில், நண்பர் எட்வர்டு டீட்ஸின் கொட்டகையில் உழைத்த சார்ல்ஸ் கெட்டரிங், இதற்கு எளிய வழி கண்டார். அவர் வகுத்த முறை 1910-ஆம் ஆண்டுக் காடிலாக்கில் இடம்பெற்றது. 1912-இல் மின் ஸ்டார்ட்டரும் அவ்வண்டியில் சேர்ந்தது.

அவர் பெயரால் வழங்கும் முறையின் தத்துவம் இதுவே: பாயிண்ட் மூடியிருக்கையில் காயிலின் முதற்சுற்றில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் உண்டாகும். பாயிண்ட் திறந்ததும் புலம் சரியும். இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறி பறக்கும்.

பன்னெடுங்காலம் அமெரிக்க வண்டிகள் பெரும்பாலும் 6 வோல்ட் பாட்டரி கொண்டு ஓடின. எஞ்சின்களின் அழுத்தம் மிகுந்து, அவற்றைச் சுழற்ற வலிமை வேண்டியிருந்தமையால், 1950-களின் நடுவில் 12 வோல்ட் முறை வந்தது. அப்போதுதான் சிக்கல் எழுந்தது. ஸ்டார்ட்டர் சுழலும்போது பாட்டரியின் அழுத்தம் 9 அல்லது 10 வோல்ட்டுக்கு இறங்கும். ஓடும்போதோ 14 வோல்ட்டை எட்டும். இறங்கிய வேளைக்கேற்பக் காயில் அமைத்தால், ஏறிய வேளையில் பாயிண்ட் எரியும்.

இரண்டுக்கும் இசைவு கண்டது பாலஸ்ட். சாவியைக் கிளப்பும் நிலைக்குத் திருப்புகையில் தனிக் கம்பி ஒன்று பாலஸ்ட்டை விலக்கி, பாட்டரியின் முழு அழுத்தத்தையும் காயிலுக்குத் தரும். சாவியை விட்டதும் மின்சாரம் பாலஸ்ட் வழியே ஓடும். காயிலுக்கு வேண்டிய அளவே செல்லும். நம் அன்பர் இணைத்த கம்பியோ எந்நேரமும் முழு அழுத்தத்தையும் செலுத்திற்று.

ஆயினும் எல்லா வண்டிக்கும் இது வேண்டுவதன்று. தானே போதிய தடை கொண்ட காயிலுடன் பாலஸ்ட்டைச் சேர்த்தால் பொறி நலியும். எனவே காயிலை மாற்றுவோர், வெளித்தடை வேண்டும் வகையா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

1970-களில் எலெக்ட்ரானிக் முறை பரவியது. பாயிண்ட்டும், காலப்போக்கில் பாலஸ்ட்டும் மறைந்தன. எனினும் பழைய வண்டியைப் பேணுவோர்க்கு அவ்வரலாறு இன்றும் தேவை. ஒரு பொருள் ஏன் வைக்கப்பட்டது என்று அறியுமுன் அதை அகற்றலாகாது என்பதே நாம் பெற்ற பாடம். அன்பரின் வண்டியில் இப்போது புதிய பாலஸ்ட் அமர்ந்திருக்கின்றது. வண்டியும் நன்றாக ஓடுகின்றது.