இரண்டு சூரியோதயங்கள்

பெர்த் நகரிலிருந்து இலங்கையின் தென்கரை ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். ஜெட் விமானம் நேராகப் பறந்தால் ஏழெட்டு மணி நேரத்தில் கடந்துவிடும். இரண்டாம் உலகப் போரின்போது இதே தொலைவுக்கு 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. அதுவும் நடுவில் எங்கும் இறங்காமல்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதம் ஜாவாவும். லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான வான்வழி அறுபட்டது. அறுந்த இழையை முடிய 1943இன் நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா எனும் கடல் விமானங்களைக் கொண்டு ஒரு தடத்தைத் தொடங்கியது. பெர்த்தின் ஸ்வான் ஆற்றில் எழும்பி, காலிக்கு அருகே கொக்கலை ஏரியில் இறங்க வேண்டும். வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான். எரிபொருளே பெருஞ்சுமை என்பதால் பயணிகள் மூவருக்கு மேல் இல்லை. தபால் 69 கிலோ. ஜப்பானிய விமானங்கள் உலவிய பகுதியை இருளில் கடந்தார்கள். வானொலியில் பேசக் கூடாது. வழிகாட்டியவை நட்சத்திரங்களே. ஐந்து விமானங்களுக்கும் அல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரிஸ், ஸ்பைகா என்று விண்மீன்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள்! பெயர் சூட்டியவர் யாராயினும் ரசிகர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஒரே பயணத்தில் சூரியன் இரு முறை உதிப்பதைக் கண்டவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு' என்ற பெயரில் சான்றிதழ் அளிக்கப்பட்டது. விளையாட்டுப் போலத் தெரிந்தாலும், புறப்பட்ட கனத்துடன் ஓர் இயந்திரம் நின்றிருந்தால் கடல்தான் கதி. 1945 வரை 271 முறை கடந்தும் ஒரு விமானத்தைக்கூட இழக்கவில்லை. போருக்குப்பின் ஐந்தையும் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

இவ்வளவும் விமான வரலாற்றில் பெருமையுடன் சொல்லப்படுகிறது. ஏரிக்கரை மக்களைப் பற்றித்தான் பேச்சே காணோம். கொக்கலை வெற்றுத் தண்ணீர்ப்பரப்பு அன்று; சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர். விமானத் தளத்துக்காகக் கிராமத்தாரை வெளியேற்றினார்கள். வீடுகள் இடிபட்டன, அவர் பிறந்த வீடு தப்பியது. இன்று அது நாட்டார் அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறது.

தென்னிலங்கைக் கிராம வாழ்வு குலைந்து மாறுவதைச் சொல்லும் அவருடைய 'கம்பெரலிய' நாவல் வெளிவந்த ஆண்டு 1944. கேட்டலினாக்கள் அந்த ஏரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டு.