காட்சிக்கூடம் இல்லாத நிலத்தில் கண்காட்சி: மட்டக்களப்பு வாவிக்கரையும் ஆபிரிக்க ஒப்புமைகளும்

செங்கலடி ஒரு சந்தி ஊர். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பிரதான வீதியில் பதுளை வீதி வந்து முட்டும் இடத்தில் அது அமைந்துள்ளது. ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகம் இங்கேயே இருக்கிறது. பதுளை வீதியில் மேற்கே கறுத்தப்பாலம். போர்க்காலத்தில் அரச கட்டுப்பாட்டுப் பகுதியையும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியையும் பிரித்த சோதனைச் சாவடிகளால் பெயர் பெற்றது. வடக்கே அடுத்திருப்பது வந்தாறுமூலை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கே உள்ளது. கடைத்தெரு, நெல் ஆலை, வங்கி, பாடசாலை, கோயில் என ஒரு கிழக்கிலங்கைச் சிறுநகரில் எதிர்பார்க்கக்கூடிய எல்லாம் செங்கலடியில் உண்டு. ஓவியத்துக்கோ சிற்பத்துக்கோ உரிய நிரந்தரக் காட்சிக்கூடம் மட்டும் இல்லை.

இந்த இன்மையைக் கலை எழுத்து பெரும்பாலும் பின்தங்கிய நிலையின் அடையாளமாகவே வாசிக்கிறது. காட்சிக்கூடம் என்பதற்கு வெள்ளைச் சுவர், மின்விளக்கு, வாயிற்காவலர், விலைப்பட்டியல் என்ற பொருளை வைத்துக்கொண்டால் அந்த வாசிப்பில் பிழையில்லை. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை கொழும்பைத் தாண்டி இலண்டன், பாரிஸ் என்று போகும். கடந்த அறுபது ஆண்டுகளில் ஆபிரிக்கக் கலைஞர்கள் வேறு பொருள்களையும் உருவாக்கியிருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவிப் பகுதியின் சமகாலக் கலையை அளக்கக் கொழும்பின் கலைக்கூடங்களைவிட நைஜீரியாவின் என்சுக்காவும் கானாவின் தமாலேயும் பொருத்தமான அளவுகோல்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆபிரிக்கா இந்த நிலத்துக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டையின் காலத்திலிருந்து தொடரும் பறங்கியர் சமூகம் இன்றும் நகரில் வாழ்கிறது. அவர்களின் கிரியோல் போர்த்துக்கேயத்தோடு வந்த ஆடற்பாடல் வகையான கப்ரிஞ்ஞாவின் பெயர், போர்த்துக்கேயர் ஆபிரிக்கரைக் குறிக்க ஆண்ட ‘காப்பிரி’ என்ற சொல்லோடு தொடர்புபடுத்தப்படுகிறது. புத்தளம் மாவட்டத்தின் சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினர் மஞ்சா என்ற இசை மரபைப் பேணுகின்றனர். ஆயினும் இவை இங்கே முன்வைக்கப்படும் ஒப்புமைக்கு அடிப்படை அல்ல. அடிப்படை, போருக்குப் பின் ஒரு பல்கலைக்கழக ஊரில் கலை எவ்வாறு தன் இடத்தைத் தேடிக்கொள்கிறது என்ற கேள்வியே.

வாவிப் பகுதியில் இன்று கலையைக் காணக்கூடிய இடங்களை முதலில் பார்க்கலாம். கல்லடியில் 1982இல் இசை நடனக் கல்லூரியாக உருவாகி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்த சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் முதன்மையானது. இசை, நடனம், நாடகம் ஆகியவற்றோடு கட்புலக் கலைகளும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. இறுதியாண்டு மாணவரின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்படும் நாள்களே இப்பகுதியின் மெய்யான கலைப் பருவம் எனலாம். வகுப்பறை, நடைபாதை, மரநிழல் எல்லாம் அப்போது காட்சியிடமாகும். சில நாள் கழிந்தால் படைப்புகள் கழற்றப்பட்டு மாணவரின் வீடுகளுக்குப் போய்விடும். பார்க்க வருவோரிற் பலர் பெற்றோரும் அயலவரும். கொழும்பின் திறப்புவிழாக்களில் காணும் கூட்டம் அல்ல இது.

இந்நிறுவகத்தோடு இணைந்த கலைஞர்களில் சுசிமன் நிர்மலவாசன், பாக்கியராஜா புஷ்பகாந்தன் ஆகியோர் இலங்கைக்கு வெளியிலும் அறியப்பட்டவர்கள். காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றிய புஷ்பகாந்தனின் வேலைகள் எங்கும் காட்டப்படக்கூடியவைதாம். ஆனால் அவை எந்த மண்ணிலிருந்து வருகின்றன என்பதை அறிய வந்தாறுமூலையையே பார்க்கவேண்டும். 1990 செப்டெம்பர் 5 அன்று பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. ஆண்டுதோறும் உறவினர்கள் ஒளிப்படங்களை ஏந்தி நினைவுகூருகிறார்கள். ஒளிப்படத்தைக் கையில் ஏந்தி நிற்றல் என்ற செயலே வடகிழக்கில் ஒரு காட்சி மொழியாகிவிட்டது. இங்கே ஓவியர் கற்பனையால் தேடிச் செல்லவேண்டிய படிமம் அதுவல்ல, வீதியில் கிடப்பது.

பெண்களின் கலைச் செயற்பாட்டுக்கு நகரில் வேறொரு வேர் உண்டு. 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் ஓவியம், பாடல், வீதி நிகழ்வு ஆகியவற்றைத் தன் வேலையின் பகுதியாக்கியது. ஓவியர் கமலா வாசுகியின் பங்களிப்பு இதில் முக்கியமானது. அவரது படங்கள் சுவரில் மாட்டப்பட்டதைப் போலவே பதாகையாகவும் அட்டையாகவும் புத்தக அட்டைப்படமாகவும் கைமாறியிருக்கின்றன. அரங்கத் துறையிலும் இத்தகைய முயற்சி உண்டு: ஆய்வாளர் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனையில் ஊராரோடு சேர்ந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம், ஆய்வாளரையும் ஆட்டக்காரரையும் ஒரே களரியில் நிறுத்தியது.

களரி என்ற அந்தச் சொல்லைத்தான் கண்காட்சிக் கோட்பாட்டுக்குள் கொண்டுவரவேண்டும். வட்டமாகப் போடப்படும் களரியைச் சுற்றி நாலாபுறமும் ஊர் உட்காரும். கூத்தரின் கிரீடமும் உடுப்பும் கண்ணாடித் துண்டும் மினுங்கல் தாளும் கொண்டு ஊரிலேயே செய்யப்படுகின்றன. விடியும்வரை விளக்கொளியில் அசைவோடு பார்க்கப்படுகின்றன. பிறகு பெட்டிக்குள் போகின்றன. வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களில் நடக்கும் சடங்கும் அவ்வாறே. தென்னங்குருத்தைக் கிழித்துப் பின்னும் தோரணத்தின் நுட்பம் ஒரு சிற்பியின் கைத்திறனுக்குக் குறைந்ததல்ல. குளிர்த்திச் சடங்கு முடிந்து கோயிற் கதவு சாத்தப்பட்டபின் அது வாடும், வாடுவதற்காகவே செய்யப்பட்டது. பார்வையாளர், காலம், பொருள், கலைப்பு ஆகிய நான்கையும் முன்கூட்டியே திட்டமிடும் மரபு ஒன்று இங்கே இருக்கிறது. இன்று நிறுவற்கலை என்று கற்பிக்கப்படுவதும் இந்த நான்கையே திட்டமிடுகிறது. சடங்கு சமகாலக் கலைதான் என்று சொல்லவரவில்லை. சடங்குக்கு ஊர் உரிமையாளர். நிறுவற்கலைக்குக் கலைஞர் உரிமையாளர். அந்த வேறுபாட்டை அழித்துவிட்டால் இரண்டுக்கும் அநியாயம்.

என்சுக்காவின் கதை இங்கே துலக்கம் தருகிறது. நைஜீரியாவின் தென்கிழக்கில் உள்ள இந்த ஊரில் 1960இல் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1967இல் பியாஃப்ரா பிரிவினைப் போர் வெடித்த சில நாள்களிலேயே ஊர் வீழ்ந்தது, வளாகம் சிதைந்தது. 1970இல் போர் முடிந்து வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது ஓவியத் துறையை வழிநடத்த வந்தவர் உச்சே ஒக்கேக்கே. 1958இல் வட நைஜீரியாவின் சாரியாவில் மாணவராக இருந்தபோதே, ஐரோப்பியப் பாடத்திட்டத்தை அப்படியே விழுங்க மறுத்த கலைஞர் சங்கத்தை உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். என்சுக்காவில் அவர் மையப்படுத்தியது உலி. இக்போப் பெண்கள் உடலில் செடிச்சாற்றாலும் மண்சுவரில் மண்நிறங்களாலும் வரைந்துவந்த கோலம் அது: சில கோடுகள், சில புள்ளிகள், நிறைய வெற்றிடம். ஒக்கேக்கேயின் தாயார் உலி வரைவதில் வல்லவர். மழை வந்தால் சுவரிலிருந்து கரைந்துபோகும் ஒரு கோட்டைப் பல்கலைக்கழகம் பாடமாக்கியது. போரின் துயரத்தை ஒபியோரா உடெச்சுக்கு போன்ற மாணவர்கள் அந்தக் கோட்டிலேயே வரைந்தார்கள்.

1975இல் கானாவிலிருந்து அங்கு ஆசிரியராகச் சேர்ந்தவர் எல் அனட்சுயி. மரம், களிமண் என்று வேலை செய்துவந்தவர் 1990களின் இறுதியில் மதுப்போத்தல் மூடிகளைத் தட்டையாக்கிச் செப்புக் கம்பியால் பிணைக்கத் தொடங்கினார். உள்ளூர்ச் சாராய ஆலைகளின் மூடிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து பொற்சேலைபோல் தொங்கின. அழகுக்குள் ஒரு கசப்பும் இருக்கிறது: ஐரோப்பியர் மேற்கு ஆபிரிக்கக் கரைக்கு மதுவைக் கொண்டுவந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற வணிகத்தின் நினைவு அந்த மூடிகளில் உண்டு. இந்த வேலைகளுக்கு நிலையான வடிவம் கிடையாது. மாட்டுபவர் விருப்பப்படி மடிக்கலாம், தாழ்த்தலாம். 2015இல் வெனிஸ் பியனாலேயின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அவருக்குக் கிடைத்தது. அதுவரை நாற்பது ஆண்டுகள் அவரது பட்டறை என்சுக்காவிலேயே இருந்தது. தலைநகருக்குப் பெயர்ந்தால்தான் உலகம் கவனிக்கும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு அரிது.

தமாலே வேறு வழியைக் காட்டுகிறது. வட கானாவில் 1987இல் பிறந்த இப்ராகிம் மகாமா சணற்சாக்குகளால் அறியப்பட்டவர். ஆசியாவில் நெய்யப்பட்டுக் கானாவுக்குக் கொக்கோ கட்ட வந்து, பிறகு கரி மூட்டையாகி, கிழிந்து, தைக்கப்பட்டு, வியாபாரியின் பெயர் எழுதப்பட்ட சாக்குகள் அவை. சந்தை வியாபாரிகளிடம் பழையதை வாங்கிப் புதியதைக் கொடுத்து அவர் சேர்த்தார். முழுக் கட்டடங்களையே அவற்றால் போர்த்தினார். செங்கலடி நெல் ஆலை முற்றத்தில் அடுக்கிய சாக்குகளைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அந்தப் படைப்பை விளக்க வேண்டியதில்லை. விற்பனையிற் கிடைத்த பணத்தை மகாமா ஊருக்கே திருப்பினார். 2019இல் தமாலேயில் சமகாலக் கலை மையம், அடுத்த ஆண்டு ரெட் கிளே என்ற செங்கல் வளாகம், அதன்பின் 1960களில் தொடங்கிக் கைவிடப்பட்டிருந்த தானியக் களஞ்சியம் ஒன்றின் மீட்பு என்று அது விரிந்தது. பழைய விமானங்களும் ரயில் பெட்டிகளும் வளாகத்தில் நிற்கின்றன; பள்ளிப் பிள்ளைகள் அவற்றுக்குள் ஏறிப் படிக்கிறார்கள். தென்னாபிரிக்காவின் கேப் டவுணிலும் 2017இல் ஒரு பழைய தானியக் களஞ்சியமே சமகால ஆபிரிக்கக் கலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஆனால் அது துறைமுகச் சுற்றுலா வளாகத்தின் நடுவில், ஹோட்டலோடு சேர்ந்தது. இரண்டும் களஞ்சியம் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

செனகலின் டக்கார் பியனாலே கற்பிப்பது எளிமையானது. 1992இல் தொடங்கி, 1996இலிருந்து ஆபிரிக்கக் கலைக்கென்றே நடக்கும் அதன் அதிகாரபூர்வக் காட்சியைவிட, ‘ஓஃப்’ எனப்படும் வெளிக்காட்சிகளே நகரை நிறைக்கின்றன. உணவகம், கடை, வீட்டு முற்றம், தையற்பட்டறை எதுவும் காட்சியிடமாகலாம். மட்டக்களப்பிலும் நூலகம், பாடசாலை மண்டபம், கோயில் வீதி, தேவாலய வளவு ஆகியன ஏற்கெனவே அப்படிப் பயன்படுகின்றன. அவற்றை ஒரே வாரத்துக்குள் கொண்டுவந்து ஒரே அறிவிப்பில் இணைக்கும் ஏற்பாடுதான் தேவை.

ஒப்புமையின் எல்லைகளை மறைக்கக்கூடாது. என்சுக்கா வளர்ந்த 1970களில் நைஜீரியாவிடம் எண்ணெய் வருமானம் இருந்தது. தமாலேயின் பின்னால் சர்வதேசச் சந்தையில் விலைபோகும் ஒரு கலைஞர் இருக்கிறார். வாவிப் பகுதிக்கு இரண்டும் இல்லை. இலங்கையின் கலைச் சந்தை கொழும்பில் குவிந்திருக்கிறது. 2019 டிசம்பரில் கொழும்பில் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மும்மொழியில் இயங்குவதும், கவிஞர் சேரனின் கவிதையொன்றிலிருந்து பெயரெடுத்த கண்காட்சியோடு தொடங்கியதும் நல்ல மாற்றங்கள். ஆனால் செங்கலடியிலிருந்து அங்கு போய்வருவதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் பேருந்திலோ ரயிலிலோ கழியும். ஆபிரிக்கப் படைப்பொன்றை நேரில் காண விரும்புவோருக்குக் கடல் கடந்தாலும் கேரளத்தின் கொச்சி-முசிறிஸ் பியனாலேயே அண்மையானது. 2018இன் நான்காவது பதிப்பில் தென்னாபிரிக்கரான வில்லியம் கென்ட்ரிட்ஜின் நிழலுருவ ஊர்வலம் அங்கே எட்டுத் திரைகளில் நடந்து சென்றது. பித்தளை வாத்தியக் குழுவோடு சுமை தூக்கியும் ஆடியும் செல்லும் அந்த உருவங்கள், இடம்பெயர்வையும் திருவிழா ஊர்வலத்தையும் ஒருங்கே அறிந்த கிழக்கிலங்கையருக்குத் தெரிந்த முகங்களாகவே தோன்றும்.

பணத்தைவிடப் பெரிய வேறுபாடு எழுத்தில் இருக்கிறது. என்சுக்காவின் பெயர் நிலைத்ததற்கு அனட்சுயியின் மூடிகள் மட்டும் காரணமல்ல. அங்கே படித்த ஒலு ஒகுய்பே, சிக்கா ஒக்கேக்கே-அகுலு போன்றோர் ஓவியராகவும் வரலாற்றாசிரியராகவும் எழுதினார்கள். 1997இல் வாஷிங்டனின் ஆபிரிக்கக் கலை அருங்காட்சியகம் என்சுக்காக் குழுவின் எழுவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியபோது அதற்கு ஒரு நூலும் இருந்தது. உலி கரைந்துபோகும், அதைப் பற்றிய எழுத்து கரையவில்லை. கல்லடியில் கழற்றப்படும் படைப்புக்குப் பெயர், அளவு, பொருள், ஆண்டு, செய்தவர் ஆகிய ஐந்து விவரங்களும் ஒரு நல்ல ஒளிப்படமும் தமிழில் ஒரு பதிவேட்டில் ஏறுவதற்குக் கட்டடம் தேவையில்லை. இறுதியாண்டுக் காட்சி அடுத்த முறை நடக்கும்போது, சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்குவதற்கு முன் அந்தப் பதிவைச் செய்யும் பொறுப்பைத் துறைகளும் மாணவர் ஒன்றியங்களும் ஏற்கவேண்டும்.