வாடகை தவறிய அறைகள்: யாருடைய பெட்டி வரலாறாகிறது?

2010 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டோரேஜ் வோர்ஸ்’ என்றொரு தொடர் ஆரம்பமானது. கதை சின்னது. யாரோ வாடகைக்கு எடுத்து, பிறகு காசு கட்டாமல் விட்ட களஞ்சிய அறை ஒன்றின் பூட்டை வெட்டுவார்கள். கூடி நிற்கிற வியாபாரிகள் வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ஏலம் நடக்கும். வென்றவர் உள்ளே போய்ச் சாமானைக் கிளறி, இது இத்தனை டொலருக்குப் போகும் எண்டு கணக்குச் சொல்லுவார். யூரியூப்பில் இப்பவும் இதே மாதிரி வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. எங்களில் கனபேர் ஒருக்காலாவது பார்த்திருப்போம். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அந்த அறை யாருடையது, அவருக்கு என்ன நடந்தது எண்டு நாங்கள் கேட்பதில்லை. தொடரும் கேட்பதில்லை.

வரலாறு படிக்கிற ஆக்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குச் சங்கதி இல்லை. நாட்குறிப்பு, கடிதம், புகைப்படம், கையெழுத்துப் பிரதி என்று நாங்கள் ‘மூலாதாரம்’ எனப் பெயர் வைத்திருக்கிற எல்லாமே இந்த அறைகளுக்குள்ளும் கிடந்திருக்கின்றன. ஏலத்தில் போயும் இருக்கின்றன. சில திரும்பி வந்தன. பெரும்பாலானவை வரவில்லை. எது வந்தது, எது வரவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு அரசியல் இருக்கிறது.

வீட்டுக்கு வெளியே ஒரு அறை

தன் சாமானைத் தானே வைத்து, தானே பூட்டி, சாவியைத் தானே கொண்டுபோகிற இந்த முறை 1960களில் டெக்சாஸில் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்லுவார்கள். எண்ணெய் வயல்களில் வேலை செய்தவர்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒடெஸ்ஸா போன்ற ஊர்களில் அவர்களுக்குச் சாமான் வைக்க இடம் தேவைப்பட்டது. வரிசையாகக் கட்டிய சின்ன அறைகள், இழுத்துத் திறக்கிற கதவு, மாத வாடகை, அவ்வளவுதான். 1972இல் கலிபோர்னியாவில் ‘பப்ளிக் ஸ்டோரேஜ்’ நிறுவனம் தொடங்கியது. இன்று அமெரிக்கா முழுவதும் இப்படியான இடங்கள் 50,000க்கும் மேல் இருக்கின்றன.

ஆக்கள் ஏன் இதை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்பதற்கு அந்தத் தொழிலில் உள்ளவர்களே நாலு காரணம் சொல்லுவார்கள்: சாவு, மணமுறிவு, இடப்பெயர்வு, பெரிய வீட்டிலிருந்து சின்ன வீட்டுக்குப் போவது. நாலும் வாழ்க்கை ஆட்டம் காண்கிற நேரங்கள். அம்மா செத்த பிறகு அவருடைய அலுமாரியை எறிய மனம் வராது, வைக்க வீட்டில் இடமும் இருக்காது. வேலை போனதால் வீடு போகும், அடுத்த வீடு கிடைக்கும் வரைக்கும் கட்டிலும் பிள்ளைகளின் சாமானும் எங்கேயாவது இருக்க வேண்டும். வாடகை கட்டத் தவறுகிற ஆபத்து ஆருக்குக் கூட இருக்கிறதோ, அவர்களுக்குத்தான் இந்த அறையும் கூடத் தேவைப்படுகிறது.

சட்டம் என்ன சொன்னது

1973 ஜூனில் நியூயோர்க் மாநிலத்தின் மவுண்ட் வேர்ணன் நகரில் ஒரு பெண்ணும் அவருடைய குடும்பமும் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்ற வந்த நகர அதிகாரியே அவருடைய தளபாடங்களை ஒரு தனியார் களஞ்சியத்துக்கு ஏற்றுவதற்கு ஒழுங்கு செய்தார். கூலி கூட எண்டு அந்தப் பெண் சொன்னார். ஆனால் வேறு வழி இல்லை. ஓகஸ்டில் களஞ்சியக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. பத்து நாளுக்குள் கணக்கைத் தீர்க்காவிட்டால் தளபாடங்கள் விற்கப்படும் என்பது அதன் சாரம்.

அவர் நீதிமன்றம் போனார். எந்த விசாரணையும் இல்லாமல் ஒருவருடைய சொத்தை விற்பது அரசியலமைப்புத் தருகிற உரிமையை மீறுகிறது என்பது அவருடைய வாதம். ‘ஃபிளாக் பிரதர்ஸ் எதிர் புரூக்ஸ்’ என்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1978 மே மாதம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராக முடிந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரென்குவிஸ்ட். தர்க்கம் இதுதான்: விற்கிறவர் தனியார். அரசு விற்கவில்லை, விற்பதற்கு இடம் கொடுக்கிறது மட்டுமே. ஆகவே அரசு மீறினால் மட்டும் உயிர் பெறுகிற உரிமை இங்கே பேசாது.

மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை. கடன் உண்மையில் இருக்கிறதா, எவ்வளவு என்பதையெல்லாம் தீர்மானிப்பது நீதிமன்றம் செய்கிற வேலை. அந்த வேலையைக் கடன் கொடுத்தவரிடமே தூக்கிக் கொடுத்துவிட்டு, இதில் அரசுக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்லலாம்? மாற்றுக் கருத்தின் மையம் அதுதான்.

இந்தத் தீர்ப்புப் பழைய பாணிக் களஞ்சியம் பற்றியது. ஆனால் நீதிமன்றப் படி ஏறாமலே விற்கலாம் என்ற பாதை திறந்தே கிடந்தது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் ஸ்டோரேஜ் அறைகளுக்கெனவே தனிச் சட்டங்கள் மாநிலம் மாநிலமாக வந்தன. கலிபோர்னியாவின் சட்டம் 1981இல் வந்தது. விபரங்கள் இடத்துக்கிடம் மாறும், அடிப்படை ஒன்றுதான். வாடகை தவறினால் உரிமையாளர் தன்னுடைய பூட்டையும் மேலே போடலாம். அறிவித்தல் அனுப்ப வேண்டும், பொதுவாகப் பத்திரிகையிலோ வேறு வழியிலோ விளம்பரம் செய்ய வேண்டும், குறித்த நாள் கழிந்ததும் ஏலம். கடன் போக மிச்சக் காசு வந்தால் அது வாடகைக்காரருக்கு உரியது.

எங்கட ஊரில் அடகு வைத்த நகை அறுதியாகி ஏலத்துக்குப் போகிற கதை எங்களுக்குத் தெரியும். கிட்டத்தட்ட அதே மாதிரி என்று தோன்றலாம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சங்கிலியை அடகு வைக்கிறவர் போகக்கூடிய சாமான் எது என்பதைத் தானே தெரிவு செய்கிறார். ஸ்டோரேஜ் அறையில் வைக்கிறவர் எதையும் தெரிவு செய்வதில்லை. குளிர்சாதனப் பெட்டியும், கலியாணப் படமும், மகன் பள்ளிக்கூடத்தில் கீறிய சித்திரமும் ஒரே மூட்டையாகப் போகின்றன.

கதவு திறந்த பிறகு

ஏலம் நடக்கிற விதமும் இந்த மூட்டைத் தன்மையில்தான் நிற்கிறது. ஆமைப்பூட்டை வெட்டிக் கதவை மேலே தள்ளுவார்கள். வாங்க வந்தவர்கள் ரோச் லைற் அடித்துப் பார்க்கலாம், உள்ளே கால் வைக்கக்கூடாது, பெட்டியைத் திறக்கக்கூடாது. எங்கட மீன் சந்தைக் கூறியான் மாதிரி ஏலக்காரர் மளமளவென்று விலை ஏற்றிக்கொண்டு போவார். எடுத்தவர் காசைக் கட்டி, ஒன்றிரண்டு நாளுக்குள் அறையைக் கூட்டித் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டும். குப்பையும் அவருடைய பொறுப்புத்தான். இப்போது இந்த ஏலங்கள் பெரும்பாலும் இணையத்துக்கு மாறிவிட்டன. கதவடியில் நின்று எடுத்த நாலைந்து படத்தைப் பார்த்தே விலை சொல்லுகிறார்கள்.

புதையல் கதைகள் இல்லாமல் இல்லை. 1989இல் லோங் ஐலண்டில் இப்படி ஒரு அறையை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே 100 டொலருக்கு எடுத்தவருக்கு, 1977இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படத்தில் கடலுக்கடியில் ஓடிய லோட்டஸ் கார் கிடைத்தது. 2013இல் லண்டன் ஏலத்தில் அது கட்டணங்களோடு சேர்த்து 6 லட்சம் பவுணுக்கு மேல் போனது. வாங்கியவர் எலான் மஸ்க். இந்த மாதிரிக் கதைகள் அபூர்வம் என்பதால்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ‘ஸ்டோரேஜ் வோர்ஸ்’ தொடரில் தோன்றிய வியாபாரி ஒருவரே 2012இல் வழக்குப் போட்டு, தயாரிப்பாளர்கள் பெறுமதியான சாமான்களை முன்கூட்டியே அறைக்குள் வைத்தார்கள் என்று குற்றம் சாட்டினார். பழைய மெத்தையும் உடுப்புப் பையும் நிறைந்த அறைகளை வைத்துக்கொண்டு கிழமைக்கொரு புதையல் காட்டுவது கஷ்டம்தானே.

மல்கம் எக்ஸின் நாட்குறிப்பு

2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வரலாற்று ஆய்வாளர்களைத் திடுக்கிட வைத்த ஒரு செய்தி வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பட்டர்ஃபீல்ட்ஸ் ஏல நிறுவனம் மார்ச்சில் ஒரு பெரிய தொகுதியை விற்கப் போகிறது. மல்கம் எக்ஸின் கடிதங்கள், உரைக் குறிப்புகள், புகைப்படங்கள், 1964இல் மக்காவுக்கும் ஆபிரிக்காவுக்கும் போனபோது எழுதிய நாட்குறிப்புகள் எல்லாம் அதில் இருந்தன. 1965இல் அவர் கொல்லப்படுவதற்கு முந்திய ஆண்டு அது. அவருடைய சிந்தனை மாறிக்கொண்டிருந்த காலத்துக்கு அவருடைய கையாலேயே எழுதப்பட்ட சாட்சி.

இவை எப்படி ஏலத்துக்கு வந்தன? அவருடைய மகள்களில் ஒருவர் புளோரிடாவில் ஒரு ஸ்டோரேஜ் அறையில் வைத்திருந்தார். வாடகை தவறியது. சட்டப்படி அறை விற்கப்பட்டது. எடுத்தவர் கையிலிருந்து மேலே மேலே போய், கடைசியில் பெரிய ஏல நிறுவனத்தின் பட்டியலுக்கே வந்துவிட்டது.

குடும்பம் எதிர்த்தது. ஆய்வாளர்களும் நூலகங்களும் குரல் கொடுத்தன. ஏலம் நிறுத்தப்பட்டது. ஆவணங்கள் குடும்பத்திடம் திரும்பி, நியூயோர்க் ஹார்லெமில் உள்ள ஷொம்பேர்க் ஆய்வு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று ஆய்வாளர்கள் அவற்றை அங்கே படிக்கலாம்.

சந்தோஷமான முடிவுதான். ஆனால் அந்த முடிவைக் கொண்டுவந்தது ஸ்டோரேஜ் சட்டம் இல்லை. மவுண்ட் வேர்ணன் பெண்ணின் தளபாடத்துக்கும் மல்கம் எக்ஸின் நாட்குறிப்புக்கும் அந்த முறையில் எந்த வேறுபாடும் கிடையாது. வேறுபாட்டைச் செய்தது பெட்டியில் இருந்த பெயர். உலகத்துக்குத் தெரிந்த பெயர் என்பதால் கேட்க ஆக்கள் வந்தார்கள்.

விவியன் மேயர் உயிரோடு இருந்தார்

பெயர் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதை சிக்காகோவில் பார்க்கலாம். 2007இல் அங்கே வாடகை தவறிய அறைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. பெட்டி பெட்டியாக நெகட்டிவ்களும் கழுவாத பிலிம் சுருள்களும். பல பேர் பிரித்து வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஜோன் மலூஃப். தான் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு சிக்காகோப் பகுதியின் வரலாற்று நூலுக்குப் பழைய படங்கள் கிடைக்குமோ என்று பார்த்து, சுமார் 400 டொலர் கொடுத்து ஒரு பெட்டியை எடுத்தார்.

படங்களை எடுத்தவர் விவியன் மேயர். 1926இல் நியூயோர்க்கில் பிறந்து, சிக்காகோப் பக்கத்துப் பணக்கார வீடுகளில் பிள்ளை பார்க்கிற வேலையில் பல பத்தாண்டுகள் இருந்தவர். ஓய்வு கிடைக்கிற நேரமெல்லாம் தெருவில் இறங்கிப் படம் எடுத்தார். மொத்தம் 1,00,000 நெகட்டிவ்களுக்கு மேல். கிட்டத்தட்ட ஆருக்கும் காட்டவில்லை. இன்று இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான தெருப் புகைப்படக்காரர்களில் ஒருவராக அவரைக் கருதுகிறார்கள். 2011இல் சிக்காகோவில் பெரிய கண்காட்சி, 2013இல் மலூஃப் சேர்ந்து இயக்கிய ஆவணப்படம், அதற்கு ஒஸ்கார் பரிந்துரை என்று கதை வளர்ந்தது.

இந்தக் கதையை எல்லோரும் ‘கண்டுபிடிப்பு’ என்றுதான் சொல்லுகிறார்கள். ஆனால் திகதிகளைக் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏலம் 2007இல். மேயர் இறந்தது 2009 ஏப்ரல் 21இல். அவருடைய வாழ்நாள் உழைப்புத் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது அவர் உயிரோடு, அதே சிக்காகோவில்தான் இருந்தார். வயது எண்பதைத் தாண்டியிருந்தது, கையில் காசில்லை. முன்பு அவர் வளர்த்த பிள்ளைகள் பெரியவர்களாகி, அவர் இருக்க ஒரு வீடு பார்த்துக் கொடுத்திருந்தார்கள். அறை ஏலத்தில் போனது அவர்களுக்குத் தெரியாது. 2008 இறுதியில் பனியில் வழுக்கி விழுந்தவர் பிறகு தேறவே இல்லை. மலூஃப் அவருடைய பெயரை வைத்து இணையத்தில் தேடிய நேரம், சில நாளைக்கு முந்தி வந்த மரண அறிவித்தல்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் சட்டம் வேறொரு முகத்தைக் காட்டியது. நெகட்டிவை வாங்கினால் அந்தப் பிளாஸ்டிக் சொந்தம், படத்தின் பதிப்புரிமை சொந்தமில்லை. பதிப்புரிமை எடுத்தவருக்கும், அவருக்குப் பிறகு வாரிசுகளுக்கும் உரியது. பிரான்ஸில் தூரத்து உறவுகளைத் தேடினார்கள். 2014இல் விடயம் நீதிமன்றம் போனது. 2016இல் மலூஃபுக்கும் மேயரின் சொத்தை நிர்வகித்த தரப்புக்கும் இடையே இணக்கம் வந்தது. படங்களுக்குப் பெறுமதி வந்த பிறகு உரிமையைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கப்பட்டது. வாடகை தவறிய நாளில் ஆரும் ஒன்றும் கேட்கவில்லை.

மலூஃப் போன்றவர்களைக் குறை சொல்லுவது எங்கள் நோக்கமில்லை. அவர் எடுக்காவிட்டால் அந்தப் பெட்டி குப்பைக்கே போயிருக்கலாம். அந்தச் சுருள்களைக் கழுவி, வரிசைப்படுத்தி உலகத்துக்குக் காட்டியது பெரிய வேலை. நாங்கள் சொல்ல வருவது கதையை எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பற்றி. வாங்கியவர் கதவைத் திறக்கிற இடத்தில் தொடங்கினால் அது புதையல் கதை. வாடகை கட்ட முடியாமல் போன மாதத்தில் தொடங்கினால் அது வறுமையின், முதுமையின், வீடிழப்பின் கதை. ஆவணம் ஒன்றுதான், வரலாறு இரண்டு.

ஆவணக் காப்பகத்தில் ஒரு கோப்பைக் கையில் எடுக்கிற நேரம் அது எப்படி இங்கே வந்தது என்று கேட்பது எங்கள் துறையில் முதலாம் வருடத்திலேயே படிக்கிற பாடம். அதே கேள்விக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது: வராமல் போனது எது? அங்கே சில இடங்களில் ஏல நிபந்தனையில் ஒரு வரி இருக்கும். குடும்பப் படங்களையும் தனிப்பட்ட கடதாசிகளையும் கண்டால் அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் வரி. விற்க முடியாதவை என்பதால்தான் அவற்றைத் திருப்பித் தரச் சொல்லுகிறார்கள். அவற்றை வாங்கிப்போக ஆரும் வராத பெட்டிகள் எத்தனை இருந்திருக்கும்?

மல்கம் எக்ஸுக்குப் பெயர் இருந்தது. மேயருக்குப் பெயர் பிறகு வந்தது. 1973இல் தன் கட்டிலுக்காகவும் கதிரைக்காகவும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன அந்தப் பெண்ணுக்கு ஒரு வழக்கின் தலைப்பில் மட்டும் இடம் கிடைத்தது. அந்தத் தளபாடங்களோடு என்னென்ன கடதாசிகள் இருந்தன என்று எந்தக் காப்பகப் பட்டியலிலும் நாங்கள் தேடிப் படிக்க முடியாது.