ஒன்றரை ஷிப்டும் ஆறாத தோலும்: திருப்பூர்த் தொழிலாளர்களும் அழகியல் சிகிச்சையும்

அழகியல் சிகிச்சை பெரும்பாலும் நலமாக இருக்கும் உடலில், தோற்றத்தை மாற்றிக்கொள்ளும் விருப்பத்தால் செய்யப்படுவது. அறுந்த காது மடலைத் தைப்பது, பருத் தழும்புக்கு லேசர், மங்குக்கு மேல்தோலை உரிக்கும் பீலிங், வழுக்கைக்கு முடிமாற்று, கொழுப்பு உறிஞ்சல், போடாக்ஸ், ஃபில்லர் ஊசிகள் எல்லாம் இதில் சேரும். குடல்வால் வெடித்தவர் அறுவையைத் தள்ளிப்போட முடியாது. முடிமாற்று செய்துகொள்பவர் எப்போது வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். அவசரம் இல்லாத சிகிச்சை என்பதாலேயே, செய்துகொள்பவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டியவை கூடுகின்றன.

இப்படிச் சொல்லப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் நோயாளியின் தொழிலைக் கணக்கில் எடுப்பதில்லை. ‘ஒரு வாரம் வெயிலில் போகாதீர்கள், வியர்க்கும் வேலை செய்யாதீர்கள்’ என்பது குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குப் போதும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அயர்னிங் தொழிலாளிக்கோ சாயப்பட்டறைத் தொழிலாளிக்கோ அது போதாது. சிகிச்சைக்கு முன் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்பதுதான் என இக்கட்டுரை வாதிடுகிறது. சர்க்கரை நோயும் மருந்து ஒவ்வாமையும் விசாரிக்கப்படும் அதே படிவத்தில் தொழிலும் விசாரிக்கப்பட வேண்டும்.

திருப்பூரின் பனியன் தொழிலில் ஒவ்வொரு பிரிவும் ஆறும் தோலை ஒவ்வொரு வகையில் தாக்குகிறது. அயர்னிங் மேசையிலும் துணியை அழுத்திச் சீராக்கும் காம்பாக்டிங் எந்திரத்தின் அருகிலும் நாள் முழுக்க நீராவி முகத்தில் அடிக்கும். சாயப்பட்டறையில் பெராக்சைடு, காஸ்டிக் சோடா, ரியாக்டிவ் சாயத்தூள் ஆகியவை புழங்குகின்றன. காஸ்டிக் சோடா தோலை அரிக்கும், ரியாக்டிவ் சாயங்கள் சிலருக்குத் தோலிலும் மூச்சுக்குழாயிலும் ஒவ்வாமையை உண்டாக்கும். நிட்டிங்கிலும் கட்டிங்கிலும் பஞ்சுத் துகள் தலைமேல் படிந்துகொண்டே இருக்கும். பீலிங்கோ லேசரோ முடிந்த தோல் சில நாட்களுக்கு மேற்காப்பை இழந்த தோல். அந்த நாட்களில் வேலைக்குத் திரும்பினால், நல்ல மருத்துவர் நன்றாகச் செய்த சிகிச்சையும் கெடும்.

தென்னிந்தியத் தோலின் இயல்பு இதைக் கூடுதல் சிக்கலாக்குகிறது. நிறமி மிகுந்த மாநிறத் தோலும் கறுத்த தோலும் புண்பட்டால், ஆறிய இடம் முன்னைவிடக் கறுத்துப்போவது வழக்கம். லேசரின் சக்தி சற்று மிகுந்தாலும், ஆறும் முன் வெயில் பட்டாலும் தழும்பைப் போக்க வந்தவர் கரும்படையோடு திரும்புவார். காதுகுத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ கெலாய்டு என்ற தடித்த தழும்பு வளர்ந்தவருக்கு, வெட்டித் தைக்கும் எந்தச் சிகிச்சையிலும் அது திரும்ப வரலாம். இந்த வரலாற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளி தாமாகச் சொல்லிவிட வேண்டும். காது மடல் தைத்தல் எளிய சிகிச்சை. மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வார்கள், ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். ஆனால் மறுபடி துளையிடப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். வைகாசியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு சித்திரையில் காது தைக்க வருபவரிடம் இந்தக் கணக்கை முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை.

மங்கு பற்றித் தனியாகப் பேச வேண்டும். பெண்களுக்கு மிகுதியாக வரும் இந்த முக நிறமாற்றத்தை வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை ஆகியவை தூண்டுகின்றன, வெப்பமும் தூண்டக்கூடும். நீராவிக்கு எதிரே நின்றுகொண்டே மங்குக்குப் பீலிங் மேல் பீலிங் செய்துகொள்பவருக்கு மங்கு திரும்பத் திரும்ப வருமானால், குறை சிகிச்சையில் மட்டும் இல்லை. ஆனால் பெரும்பாலோர் மருத்துவரிடம் வருவதற்குள் மருந்துக்கடை கிரீமைப் பல மாதம் பூசியிருப்பார்கள். 2011இல் வெளியான இந்தியப் பன்மைய ஆய்வொன்று முகத்தோல் சிக்கலுடன் வந்த 2,926 பேரை ஆராய்ந்தது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்திருந்தனர். முதலில் முகம் வெளுத்துப் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, நரம்போடி, பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் எரிந்து சிவக்கும். 2018இல் ஸ்டீராய்டு கிரீம்கள் மருந்துச் சீட்டின்றி விற்கக்கூடாதவையாக அறிவிக்கப்பட்டன. அதற்குப் பின்னும் சீட்டைக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடை உண்டு.

பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம் இன்னும் கொடியது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் கசியும் நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 15 பேரிடம் நெல்-1 என்ற புரதம் கண்டறியப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் விளைந்தது. தயாரித்தவர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத கிரீமைப் பூசிவருபவர், சிகிச்சைக்கு வரும்போது அந்த டப்பாவையே கையோடு கொண்டுவந்து காட்ட வேண்டும். காலும் முகமும் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும்.

யார் செய்கிறார், எங்கே செய்கிறார் என்பது அடுத்த கேள்வி. 2016இல் சென்னையில் முடிமாற்று சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் உயிரிழந்தார். மருத்துவம் படிக்கும் ஒருவருக்கே அந்த நிலை வந்தது என்பதால், ‘நோயாளி விழிப்பாக இருந்தால் போதும்’ என்ற வாதம் நிற்காது. இடத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு அரசுடையது. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான பயிற்சி பெற்ற மருத்துவரே இச்சிகிச்சைகளைச் செய்ய வேண்டும் என்றும், பயிலரங்கில் கலந்துகொண்டதோ யூடியூப் பார்த்ததோ பயிற்சி ஆகாது என்றும் கூறியது. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். மருத்துவரின் பதிவு எண் மருந்துச் சீட்டிலும் அறையிலும் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு நெறிமுறை. எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தில் சிகிச்சை செய்துகொள்ளாமல் திரும்பிவிடுவதே நல்லது.

சம்மதம் என்பது கையெழுத்து மட்டுமன்று. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழி, கணிசமான ஆபத்து ஆகியவற்றைச் சொன்ன பிறகு பெறுவதே சம்மதம் என்றது. திருப்பூரில் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். இந்தியோ ஒடியாவோ பேசுபவரிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த படிவத்தை நீட்டி வாங்கும் கையெழுத்து இந்த அளவுகோலில் தேறாது. ஆபத்தோடு வருமான இழப்பையும் சொல்ல வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு வேலை இல்லாத நாள் கூலி இல்லாத நாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு சிகிச்சை செய்து, திங்கள் காலை மெஷினில் உட்காரலாம் என்று நம்பி வருபவரிடம் அது முடியாது என்றால் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மருத்துவக் காப்பீடும் கைகொடுக்காது. அழகுக்கான சிகிச்சை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களும் சிகிச்சைக்குச் சிகிச்சை மாறும். முடிமாற்றில் நட்ட வேர்கள் பிடிக்கப் பத்து நாள் போல ஆகும். அதுவரை துணி ரோல் சுமப்பதும் பஞ்சு படியும் இடத்தில் நிற்பதும் கூடாது. நட்ட முடி சில வாரங்களில் உதிர்வது இயல்பு. மூன்று நான்கு மாதத்தில் புதிதாக முளைக்கும். முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகலாம். இதை அறியாதவர் உதிர்வைக் கண்டு அஞ்சி இன்னொரு இடத்துக்குப் பணம் கட்டப் போகிறார். கொழுப்பு உறிஞ்சலில் திரவத்தோடு செலுத்தப்படும் மரப்பு மருந்தின் அளவு இரத்தத்தில் உச்சத்தைத் தொடப் பல மணி நேரம் ஆகும். கோவையில் காலையில் செய்துகொண்டு, தனியாகப் பஸ் ஏறி ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் திருப்பூர் விடுதி அறைக்குத் திரும்புபவருக்குத் தலைசுற்றலோ மூச்சுத் திணறலோ இரவில் வந்தால் பார்க்க ஆள் இல்லை. உடன் ஒருவர் இருக்க முடியாதென்றால் அன்று சிகிச்சையே வேண்டாம். ஃபில்லர் போட்ட இடம் வெளுத்து வலித்தாலும், பார்வை மங்கினாலும் நிமிடங்களே கணக்கு. இரத்தக் குழாயை அடைத்த ஃபில்லரைக் கரைக்கும் ஹையலுரோனிடேஸ் ஊசி அங்கேயே இருக்கிறதா என்று முன்னதாகவே கேட்க வேண்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி ஆகிய எதற்கும் மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது.

அழகியல் சிகிச்சை என்ற பெயர் பொருந்தாத இடமும் உண்டு. பின்னலாடைப் பகுதியில் இதைச் சொல்லாமல் விடுவது தவறு. எந்திரத்தில் கூந்தல் சிக்கித் தலைத்தோல் உரிந்தவர், கொதிநீராவி பட்டு முகம் வெந்தவர், விரல் நசுங்கியவர் ஆகியோருக்குச் செய்யப்படுவது சீரமைப்பு சிகிச்சை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கு மேற்சொன்ன காப்பீட்டு விலக்கு பொருந்தாது. வேலையில் நேர்ந்த காயமானால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருத்துவ உதவியும் ஊனப் பலனும் உண்டு. மிகக் கடுமையான முக உருச்சிதைவை இஎஸ்ஐக்கான சட்ட அட்டவணை நூறு விழுக்காடு சம்பாத்தியத் திறன் இழப்பாகவே கணக்கிடுகிறது. அப்படிப்பட்டவரிடம் ‘இது அழகுக்குச் செய்வது, கையிலிருந்து கட்டுங்கள்’ என்று சொன்னால் அவர் அதை ஏற்கத் தேவையில்லை. காயத்தின் முதல் நாள் விபத்து அறிக்கையும் புகைப்படமும் இருந்தால் உரிமையை நிலைநாட்டுவது எளிது.

எல்லாச் சிகிச்சைக்கும் இந்தப் பதிவுப் பழக்கம் பொருந்தும். சிகிச்சைக்கு முந்தைய படம், சம்மதப் படிவத்தின் நகல், செலுத்திய மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும், ரசீது ஆகியவை நோயாளியின் கையில் இருக்க வேண்டும். மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 நெறிமுறை. மருத்துவரின் நடத்தை குறித்த புகாரை விசாரிப்பது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையின் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும்.