நடப்பு வட்டி முதல் ரெப்போ வரை: சிறு வாணிகரின் கடன் வரலாறு

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த தமிழர் அனைவரும் அலுவலகம் சென்றவர் அல்லர். சிற்றுண்டிச்சாலை, மளிகைக் கடை, தையற்கடை, அச்சுக்கூடம் எனச் சொந்தத் தொழில் தொடங்கியவர்களும் நம் காலனிகளில் பலர் உளர். அத்தகையோர் அடிக்கடி எழுப்பும் வினா, “வட்டி இனிக் குறையுமா?” என்பதாகும். இதற்கு விடை காணுமுன், சிறு வாணிகருக்கு எக்காலத்தில் யார், எவ்வகையில் கடன் கொடுத்தனர் என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நலம்.

ஆங்கிலேயர் நடத்திய பெரிய பாங்குகள் ஏற்றுமதி வாணிகத்தையும் துரைமார் கம்பெனிகளையுமே பெரிதும் ஆதரித்தன. கடைத்தெரு வாணிகர் அவற்றின் படியேறுதல் அரிது. எனவே நம்மவர் தமக்குள்ளேயே வழி தேடினர். சென்னையில் நிதிகள் தோன்றின. 1872இல் நிறுவப்பெற்ற மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் அவற்றுள் புகழ் வாய்ந்தது. அங்கத்தினர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணமே, தேவைப்பட்ட அங்கத்தினருக்குக் கடனாயிற்று.

கடல் கடந்த தேசங்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் இதனைப் பெரிய அளவில் நடத்தினர். அவர்கள் தம்முள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு அடிப்படையாக அமைந்தது ‘நடப்பு வட்டி’. இரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி அவ்வீதத்தை முடிவு செய்வது வழக்கம். இரண்டு மூன்று மாதங்களுக்கு இடப்படும் தவணைப் பணத்துக்கு அதனினும் சற்று மிகுதி. வெளியாருக்குக் கடன் கொடுக்குங்கால், அவரவர் நாணயத்தையும் ஈட்டையும் எடைபோட்டு, இதன்மேல் இவ்வளவு எனக் கூட்டினர். இன்றைய பாங்குகள் செய்வதும் ஏறத்தாழ இதுவே என்பது கருதத்தக்கது.

1906 அக்டோபரில் சென்னையின் புகழ்பெற்ற ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அதனை நம்பிச் சேமிப்பை ஒப்படைத்திருந்த குடும்பங்கள் பல கலங்கி நின்றன. அத்துன்பத்திலிருந்தே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால், 1907இல் இந்தியன் பாங்க் பிறந்தது. கும்பகோணத்தில் 1904, கரூரில் 1916, தூத்துக்குடியில் 1921 என ஊர் வாணிகர் தாமே பாங்குகள் கண்டனர். தூத்துக்குடியில் தோன்றிய நாடார் பாங்கே 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்க் எனப் பெயர் பெற்றது. கடன் கேட்பவரின் குடும்பத்தையும் தொழிலையும் கொடுப்பவர் நேரில் அறிந்திருந்தமையே இவற்றின் வலிமை.

ஆயினும் அறிமுகம் மட்டும் இடரைத் தடுக்காது. 1930ஐ ஒட்டி நெல் விலை வீழ்ந்தபோது பர்மிய உழவர் வட்டி கட்ட இயலாது தவித்தனர். ஈடு வைத்த நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, 1938க்குள் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. நிலம் இழந்தவன் மனம் புண்பட்டது; போரும் அரசியல் மாற்றமும் வந்தபின் நிலம் பெற்றவரும் அதனை இழந்தனர். விளைபொருளின் விலை வீழும்போது, வீதம் மாறாவிடினும் வட்டியின் பாரம் ஏறும் என்பதே இங்கு நாம் கற்கும் பாடம்.

1935இல் ரிசர்வ் பாங்க் தோன்றியது. அவ்வாண்டு நவம்பரில் 3 விழுக்காடாக வைக்கப்பெற்ற பாங்க் வீதம் 1951 நவம்பர் வரை மாறவில்லை. பதினாறு ஆண்டுகள் இத்துணை மலிவு! எனினும் சிற்றூர்வாசி அதனைக் கண்டாரா? 1951-52இல் நடைபெற்ற அகில இந்திய கிராமக் கடன் ஆய்வின்படி, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் அளித்தது சுமார் 3 விழுக்காடு. வணிக பாங்குகள் அளித்தது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. லேவாதேவிக்காரர் அளித்ததோ ஏறத்தாழ 70 விழுக்காடு. மேலே வட்டி குறைந்தும், வாய்க்கால் வெட்டப்படாமையால் நீர் கடைமடையை எட்டவில்லை.

வாய்க்கால் வெட்டும் பணி பின்னரே நடந்தது. 1951இல் மாநில நிதிக் கழகச் சட்டம் வந்தது. 1955இல் ஸ்டேட் பாங்க் அமைந்தது. 1969 ஜூலையில் 14 பாங்குகள் நாட்டுடைமையாயின. 1990இல் சிட்பி, 2000இல் கடன் உத்தரவாத நிதி, 2015இல் முத்ரா திட்டம் எனத் தொடர்ந்தன. குறு, சிறு தொழில்களுக்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு கேட்கலாகாதென 2010இல் ரிசர்வ் பாங்க் பாங்குகளைப் பணித்தது.

2019 அக்டோபர் முதல் பாங்குகள் குறு, சிறு தொழில்களுக்குப் புதிதாக அளிக்கும் மாறும் வட்டிக் கடன்கள், ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் பிணைக்கப்பட்டன. 2020 மே மாதத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 விழுக்காடாக ஏறியது. 2025 பிப்ரவரியிலிருந்து இறங்கத் தொடங்கி ஜூனில் 5.5 ஆயிற்று. விலைவாசி உயர்வை 4 விழுக்காட்டை ஒட்டி நிறுத்துவது ரிசர்வ் பாங்கின் கடமையாக 2016இல் வகுக்கப்பட்டது. ஆகவே வட்டியின் வருங்காலத்தை அறிய விழைவோர் சோதிடம் பார்க்க வேண்டுவதில்லை. உணவு, எண்ணெய் இவற்றின் விலைப் போக்கைக் கவனித்தால் போதும். விலை அடங்கினால் வட்டி தணிய இடமுண்டு. விலை பொங்கினால் வட்டியும் ஏறும்.

ஆனால் சிறு வாணிகரை அழுத்துவது அந்தக் கால் விழுக்காடும் அரை விழுக்காடும் அன்று. தண்டல் கணக்கை நோக்குக: 10,000 ரூபாய் எனப் பேசி, 1,000 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு, 9,000 கையில் தருவர். நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாளில் அடைக்க வேண்டும். பார்வைக்குப் பத்து விழுக்காடு போல் தோன்றும். அசல் நாள்தோறும் குறைந்துவருவதைக் கணக்கிட்டால், ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக்கும் மேலாகும்! ரெப்போ ஒரு விழுக்காடு குறைவதால் வரும் நன்மையைவிட, தண்டலிலிருந்து பாங்குக் கடனுக்கு மாறுவதால் வரும் நன்மை பன்மடங்கு பெரிது.

அம்மாற்றத்துக்கு வேண்டுவன சிலவே. வரவு செலவை நாள்தோறும் எழுதுக. விற்பனைப் பணத்தைப் பாங்குக் கணக்கின் வழியே செலுத்துக. கடைச் செலவையும் வீட்டுச் செலவையும் பிரித்து வைக்க. கடன் பத்திரத்தில் வட்டி எந்த அளவுகோலுடன் பிணைக்கப்பட்டுள்ளது, அதன்மேல் எவ்வளவு கூட்டப்பட்டுள்ளது என்பவற்றைக் கையொப்பமிடுமுன் கேட்டறிக. வட்டி இரண்டு விழுக்காடு ஏறினாலும் தவணை கட்ட இயலுமா என்று கணக்கிட்ட பின்னரே கடன் பெறுக.

நகரத்தாரின் ஐந்தொகை ஏடு அவர்தம் நாணயத்துக்குச் சான்றாயிற்று. நிதியின் அங்கத்தினருக்குத் தவறாத சந்தாவே சான்றாயிற்று. ஊரும் உறவும் அருகில்லாத இடத்தில் வாழும் நமக்கு, நம் கணக்குப் புத்தகமே அறிமுகக் கடிதம். சங்கத்தில் கணக்கறிந்த பெரியோர் உளர்; தொழில் தொடங்கும் இளைஞர் உளர். இவ்விருவரும் மாதம் ஒருமுறையேனும் ஒன்றாய் அமர்வரேல், தண்டல்காரரின் நோட்டில் நம்மவர் பெயர்கள் குறையும்.