எழுத்தறியாத தாயும் எழுத்தாளர் மகனும்



போர் வரலாறு என்றதும் மன்னர்களும் தளபதிகளும் நம் நினைவுக்கு வருகிறார்கள். எந்த ஆண்டில் எந்தப் போர், வென்றவர் யார், தோற்றவர் யார் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் களத்தில் மாண்ட ஒவ்வொரு போர்வீரனுக்கும் பின்னால் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் மறுநாளும் அடுப்பு எரிந்தாக வேண்டும். பிள்ளைகளின் வயிறு நிறைந்தாக வேண்டும். அந்த அடுப்பை எரிய வைத்த பெண்களைப் பற்றி வரலாற்று ஏடுகள் அதிகம் பேசுவதில்லை.

அப்படிப்பட்ட ஒரு பெண்மணியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அவருடைய பெயர் கேத்தரீன். எழுதப் படிக்கத் தெரியாதவர். காது சரியாகக் கேளாதவர். பேசுவதற்கும் சிரமப்பட்டவர். பிறர் வீடுகளைக் கூட்டித் துடைத்துத் தம் பிள்ளைகளை வளர்த்தவர். அவருடைய இளைய மகன் 1957ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அந்த மகனின் பெயர் ஆல்பெர் காம்யு.

இவர்கள் வாழ்ந்த நாடு வட ஆப்பிரிக்காவிலுள்ள அல்ஜீரியா. 1830ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே படையெடுத்து வந்தார்கள்; 1962ஆம் ஆண்டு வரை ஆட்சி செய்தார்கள். நல்ல நிலங்களில் பெரும் பகுதி வெள்ளைக்காரக் குடியேறிகளின் கைக்குப் போயிற்று. அங்கே திராட்சைத் தோட்டங்கள் உருவாயின. ஒயின் என்னும் திராட்சை மது கப்பல் கப்பலாக ஏற்றுமதியாயிற்று. குடியேறியவர்கள் எல்லாரும் முதலாளிகள் அல்லர். பிழைப்புத் தேடி ஸ்பெயின், இத்தாலி, மால்ட்டா ஆகிய இடங்களிலிருந்து வந்த ஏழைகளும் அவர்களுள் இருந்தார்கள். கேத்தரீன் அம்மையாரின் முன்னோர் ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான மினோர்க்கா தீவிலிருந்து வந்தவர்கள்.

அவருடைய கணவர் லூசியன் காம்யு ஒரு மது வணிகரிடம் வேலை செய்தார். திராட்சை அறுவடையையும் மதுக் கிடங்கையும் கவனிப்பது அவருடைய பணி. அவரும் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். இளைஞரான பிறகே எழுத்துக் கற்றவர். 1909இல் இவர்களுக்குத் திருமணம் நடந்தது. மூத்த மகனுக்குத் தந்தையின் பெயரையே வைத்தார்கள். 1913ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மொண்டோவி என்னும் ஊரில் இளையவன் ஆல்பெர் பிறந்தான்.

குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் முதல் உலகப் போர் மூண்டது. தந்தைக்குப் படையிலிருந்து அழைப்பு வந்தது. அவர் கடல் கடந்து பிரான்சுக்குப் போனார். ஜெர்மன் படை பாரிஸ் நகரை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் பெரும்போர் நடந்தது. பிரெஞ்சுப் படை ஜெர்மானியரைத் தடுத்து நிறுத்தியது, பாரிஸ் தப்பியது. வரலாற்று நூல்கள் இதை ஒரு பெரிய வெற்றி என்று சொல்கின்றன. அந்தப் போரில் லூசியன் காம்யுவின் தலையில் பீரங்கிக் குண்டின் சிதறல் பாய்ந்தது. சேன் பிரியூ என்ற ஊரிலிருந்த இராணுவ மருத்துவமனையில் அக்டோபர் 11ஆம் நாள் உயிர் நீத்தார். வயது 28. அந்த ஊரிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

மனைவியால் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போடக்கூட முடியவில்லை. இடையே ஒரு கடல் கிடந்தது. அரசாங்கம் அனுப்பிய கடிதத்தையும் அவரால் படிக்க முடியாது. மருத்துவமனையிலிருந்து ஒரு பொருள் வந்தது. கணவரின் உடலிலிருந்து எடுத்த குண்டுச் சிதறல் அது. அதைக் கேத்தரீன் அம்மையார் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஒரு பதக்கமும் பிறகு வந்தது. கணவர் விட்டுச் சென்ற சொத்து இவ்வளவுதான்.

கேத்தரீன் இரண்டு பிள்ளைகளுடன் அல்ஜியர்ஸ் நகரில் இருந்த தம் தாய் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். பெல்கூர் என்பது அந்தப் பகுதியின் பெயர். கூலிவேலை செய்பவர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்த இடம். மூன்று அறைகள் கொண்ட சிறு வீடு. மின்விளக்கு இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. பாட்டியார், தாய், மாமன், இரண்டு பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்தான் வாழ வேண்டும். அந்த வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது. அதைப் படிக்கக்கூடிய பெரியவர்களும் கிடையாது.

போர் நடந்த காலத்தில் கேத்தரீன் தோட்டா செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கணவரைக் கொன்றது குண்டு. பிள்ளைகளுக்குச் சோறு போட்டதும் குண்டுத் தொழில். அதன் பிறகு வீட்டு வேலைக்குப் போனார். மண்டியிட்டுத் தரை தேய்ப்பது, துணி வெளுப்பது, பாத்திரம் துலக்குவது என்று நாள் முழுவதும் உழைப்பார். கூலியை அப்படியே தம் தாயிடம் கொடுத்துவிடுவார்.

அந்த வீட்டின் ஆட்சி பாட்டியாரிடம் இருந்தது. மிகவும் கண்டிப்பானவர். பேரப்பிள்ளைகள் தவறு செய்தால் தோல் சாட்டையால் அடிப்பார். பையன் பந்து விளையாடினால் செருப்பு தேய்ந்துவிடும் என்று அடிப்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வறுமை அவரை அப்படி ஆக்கியிருந்தது. தாய் என்ன செய்தார்? தடுக்கவில்லை. தலையில் மட்டும் அடிக்க வேண்டாம் என்று மெல்லச் சொல்வார். அவ்வளவே அவரால் முடிந்தது.

நேயர்களே, இந்த இடத்தில் நமக்குச் சற்று வருத்தமாக இருக்கும். பெற்ற தாய் குறுக்கே விழுந்து தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவருடைய நிலையை எண்ணிப் பாருங்கள். இரண்டு பிள்ளைகளோடு பிறந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவர். காது மந்தம், சொல்ல நினைப்பதைச் சொல்ல வாய் ஒத்துழைக்காது. அந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. மாலையில் வேலை முடிந்து வந்ததும் ஒரு நாற்காலியில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். விளக்கு ஏற்றாத அறையில் அந்த உருவத்தைப் பார்த்து நின்ற சிறுவன் பிற்காலத்தில் அதைத் தன் முதல் நூலிலேயே எழுதினான். தாய் தன்னிடம் கொஞ்சிப் பேசியதில்லை. ஆனால் அந்த மௌனத்துக்குள் அன்பு இருந்தது என்பதை அவன் அறிந்திருந்தான். தாய் யாரையும் ஏசியதில்லை, யாரிடமும் பொறாமை கொண்டதில்லை, எதையும் கேட்டு நின்றதில்லை. வறியவர்களின் மானம் என்ன என்பதை அவன் கற்றது புத்தகத்தில் அன்று.

அடுத்து வருவது இந்த வரலாற்றின் முக்கியமான கட்டம். அக்காலத்தில் ஏழைப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். மூத்தவன் லூசியன் இளம் வயதிலேயே சம்பாதிக்கத் தொடங்கினான். அடுத்தவனும் அப்படியே போகட்டும் என்பது பாட்டியாரின் முடிவு. இன்றைக்குக் கூலி கொண்டு வரக்கூடிய பையனை இன்னும் ஆறேழு ஆண்டுகள் படிக்க வைத்தால் அடுப்பு எப்படி எரியும்? இது கொடுமைக்காரியின் கேள்வி அன்று, பசித்தவரின் கேள்வி. ஆறாம் வகுப்பு முடிந்ததும் பையன் வேலைக்காட்டுக்குப் போகட்டும் என்ற பேச்சு நம் தோட்டத்து லயங்களிலும் ஒரு காலத்தில் கேட்ட பேச்சுதான்.

அந்தப் பள்ளியில் லூயி ஜெர்மேன் என்றோர் ஆசிரியர் இருந்தார். அவரும் போர்முனையிலிருந்து உயிரோடு திரும்பியவர். உடன் போனவர்களில் பலர் திரும்பவில்லை; அவர்களுடைய பிள்ளைகள் தம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதை அவர் மறக்கவில்லை. ஆல்பெரிடம் இருந்த கூர்மையை அவர் கண்டுகொண்டார். உதவிச் சம்பளத் தேர்வுக்காக அவனுக்கும் வேறு சில மாணவர்களுக்கும் பள்ளி நேரம் போக நாள்தோறும் கூடுதலாகப் பாடம் நடத்தினார். அதற்குக் காசு வாங்கவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. பையனின் வீட்டுக்கே நடந்து போனார். பாட்டியாரிடம் உட்கார்ந்து பேசினார். படிப்பு என்பது தள்ளிப்போடப்பட்ட கூலி என்பதை அவர் மனம் ஏற்கும்படி எடுத்துச் சொன்னார். சாட்டை பிடித்த அந்தக் கை இறங்கி வந்தது, பாட்டியார் இணங்கினார். 1924இல் ஆல்பெர் தேர்வில் வெற்றி பெற்று நகரின் பெரிய உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். கோடை விடுமுறையில் கடையில் வேலை செய்து பணம் கொண்டு வர வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

புதிய பள்ளியில் ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். தாயின் தொழில் என்ன? வீட்டு வேலைக்காரி என்று எழுத வேண்டியிருந்தது. எழுதும்போது சிறுவனுக்கு வெட்கமாக இருந்தது. மறுகணமே, பெற்ற தாயை நினைத்து வெட்கப்பட்டோமே என்று அதைவிடப் பெரிய வெட்கம் வந்தது. பிற்காலத்தில் தன் வாழ்க்கையைத் தழுவி எழுதிய நாவலில் காம்யு இதைச் சொல்லியிருக்கிறார்.

போரில் தந்தையை இழந்த பிள்ளைகளை நாடே தத்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரான்சில் 1917ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு 'நாட்டின் வளர்ப்புப் பிள்ளைகள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். 1930ஆம் ஆண்டில், 17 வயதில், ஆல்பெருக்குக் காசநோய் கண்டது. அந்தக் காலத்தில் அதற்குச் சரியான மருந்து இல்லை. ஏழை வீட்டில் அது வந்தால் பெரும்பாலும் மரணம்தான். இந்தச் சட்டம் இருந்ததால் மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை கிடைத்தது. இறைச்சிக் கடை வைத்திருந்த சித்தப்பா முறையினர் ஒருவர் தம் வீட்டில் வைத்து நல்ல உணவு கொடுத்தார். பையன் பிழைத்துக்கொண்டான், பல்கலைக்கழகம் வரை படித்தான். 1942இல் வெளிவந்த 'அந்நியன்', 1947இல் வெளிவந்த 'கொள்ளைநோய்' ஆகிய நாவல்கள் அவரை உலகறியச் செய்தன.

ஓர் உண்மையையும் இங்கே மறைக்கக் கூடாது. அதே பெல்கூரில், அதே வறுமையில், அரபுக் குடும்பங்களும் வாழ்ந்தன. அந்நாட்டின் மண்ணின் மைந்தர்களான அவர்களுடைய பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடமே எட்டாத தொலைவில் இருந்தது. ஒரு லூயி ஜெர்மேனைக் காணாமலே எத்தனை ஆல்பெர்கள் கூலிக்குப் போயிருப்பார்கள்! 1954இல் அங்கே வெடித்த விடுதலைப் போருக்கு இத்தகைய அநீதிகளும் காரணம்.

1947இல் காம்யு முதன்முறையாகத் தந்தையின் கல்லறைக்குப் போனார். கல்லில் பொறித்திருந்த ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தார். மண்ணுக்குள் இருக்கும் தந்தைக்கு வயது 28. எதிரே நிற்கும் மகனுக்கு வயது 33. தன்னைவிட இளையவர் ஒருவரைத் தந்தை என்று அழைக்க வேண்டிய நிலை. போர் என்ன செய்கிறது என்பதை அந்தக் கல் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது.

நோபல் பரிசுச் செய்தி வந்ததும் அவர் முதலில் நினைத்தது தாயை. அடுத்து நினைத்தது தம் ஆசிரியரை. இதை அவரே 1957 நவம்பரில் லூயி ஜெர்மேனுக்குக் கடிதமாக எழுதினார். பரிசு விழாவையொட்டி ஆற்றிய உரைகளை நூலாக்கியபோது அதை அந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கே காணிக்கையாக்கினார்.

தாயோ பெல்கூரை விட்டு நகரவில்லை. பிரான்சுக்கு வந்து தங்கும்படி மகன் அழைத்தும், பழகிய தெருவும் பழகிய சன்னலுமே போதும் என்று இருந்துவிட்டார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் பிரான்சில் நடந்த கார் விபத்தில் காம்யு இறந்தார். வயது 46. அவருடைய பையில் முற்றுப்பெறாத ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதி இருந்தது. 'முதல் மனிதன்' என்ற அந்த நூல் 1994இல்தான் அச்சேறியது. தாயைப் பற்றியும் தந்தையைத் தேடியும் எழுதிய நூல் அது. அதை அவர் தம் தாய்க்கே காணிக்கையாக்கியிருந்தார். ஒருநாளும் அதைப் படிக்க முடியாத தாய்க்கு. கணவரைப் போருக்கும் மகனை விபத்துக்கும் பறிகொடுத்த அந்த அம்மையார், அதே ஆண்டு செப்டம்பரில் கண்மூடினார்.

நேயர்களே, கேத்தரீன் அம்மையார் வீரத்தாய் என்று பேர் வாங்கியவர் அல்லர். மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க அவரால் முடியவில்லை. அடி விழுந்தபோது தடுக்கவும் முடியவில்லை. ஆனால் விடிந்ததும் எழுந்து வேலைக்குப் போனார். பிள்ளையின் மனத்தில் கசப்பை விதைக்கவில்லை. அந்தப் பிள்ளை உயர்ந்தது தாயின் உழைப்பால் மட்டும் அன்று. படியேறி வந்து பேசிய ஓர் ஆசிரியர், பிடிவாதத்தை விட்டுக்கொடுத்த ஒரு பாட்டி, கைகொடுத்த உறவினர், அநாதையைக் கைவிடாத ஒரு சட்டம் எல்லாம் சேர்ந்துதான் அவனை உயர்த்தின. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அவன் ஏதோ ஒரு கடையில் கணக்கெழுதிக் காலம் கழித்திருப்பான். அந்தத் தாயின் பெயரும் நமக்குத் தெரிந்திருக்காது.

நம் அண்டை வீட்டிலும் கணவரை இழந்து, பேச்சுக் குறைந்து, உழைத்து ஓய்ந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய் இருக்கலாம். அவருடைய பிள்ளை நாளைக்குப் பள்ளிக்குப் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்போம். கேட்பதற்காக நாம் நடக்க வேண்டிய தூரம் அதிகம் இல்லை.